பக்கத்து ஹட்டிப் பள்ளியா, பஜார் பள்ளியா? நீலகிரிப் பெற்றோரின் கேள்விகளும் பதில்களும்

நீலகிரி மாவட்டத்தில் இடைநிலை ஆசிரியராகப் பணியில் சேர்ந்து, தலைமை ஆசிரியராகி, வட்டாரக் கல்வி அலுவலராக ஓய்வு பெற்றவன் நான். உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் ஆகிய நான்கு ஒன்றியங்களிலும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பல முறை சென்று வந்திருக்கிறேன். சேர்க்கைக் காலம் நெருங்கினால் "எந்தப் பள்ளி நல்ல பள்ளி?" என்று தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் கேட்பது வழக்கமாகிவிட்டதால், இந்த ஆண்டு வந்த கேள்விகளைச் சேர்த்து வைத்து ஒரே முறையாகப் பதில் எழுதுகிறேன். பள்ளிகளின் பெயரைக் குறிப்பிட்டுக் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பெயர் சொல்லி உயர்த்தவும் மாட்டேன், தாழ்த்தவும் மாட்டேன். இந்த ஜூனில் சிறப்பாக இருக்கும் பள்ளி அடுத்த ஜூனில் வேறு பள்ளியாகிவிடக் கூடும். அது ஏன் என்பது பதில்களுக்குள்ளேயே வரும்.

கேள்வி (கோத்தகிரியிலிருந்து ஒரு தாய்): எங்கள் ஒன்றியத்தில் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளின் தரவரிசைப் பட்டியல் எங்கே கிடைக்கும்?

பதில்: அப்படி ஒரு பட்டியல் இல்லை அம்மா. யாரேனும் தம்மிடம் இருப்பதாகச் சொன்னால், அது அவரே போட்டுக்கொண்ட பட்டியல். ஐந்தாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கிடையாது. 2019-20 ஆம் கல்வியாண்டில் ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்து, 2020 பிப்ரவரியில் அதைக் கைவிட்டார்கள். ஆகவே பத்தாம் வகுப்பைப் போலத் தேர்ச்சி விழுக்காட்டை வைத்துத் தொடக்கப் பள்ளிகளை வரிசைப்படுத்த வழியில்லை. 2021 நவம்பரில் நடந்த தேசிய அடைவு ஆய்வும், 2024 டிசம்பரில் மூன்று, ஆறு, ஒன்பதாம் வகுப்புகளுக்கு நடந்த பராக் என்ற தேசிய ஆய்வும் சில பள்ளிகளை மட்டும் மாதிரியாக எடுத்து நடத்தப்பட்டவை. நீலகிரி மாவட்டம் மொத்தத்தில் எப்படி என்பதை அவற்றிலிருந்து அறியலாம். உங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கும் பள்ளியைப் பற்றி அவற்றில் ஒரு வரியும் இராது.

பள்ளிவாரியாகப் பொதுமக்கள் பார்க்கக்கூடியது யுடைஸ் பிளஸ் என்னும் மத்திய அரசின் பள்ளித் தகவல் தளம். ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்கக் குறியீடு உண்டு. பள்ளியின் முகப்புப் பலகையிலோ தலைமை ஆசிரியரிடமோ அது கிடைக்கும். மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர் எண்ணிக்கை, வகுப்பறை, கழிப்பறை, குடிநீர், மின் இணைப்பு, நூலகம் ஆகிய விவரங்களை அதில் காணலாம். ஆனால் இவை ஆண்டுக்கொரு முறை பதிவாகும் விவரங்கள். பதிவான பிறகு மாறுதலில் போன ஆசிரியர் அங்கே இன்னும் பணியில் இருப்பார்.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். நம் மலையில் மூன்றாம் வகுப்பில் ஐந்தே குழந்தைகள் இருக்கும் பள்ளிகள் சாதாரணம். அவர்களில் நால்வர் தடையின்றி வாசித்தால் 80 விழுக்காடு. ஒரு குழந்தை காய்ச்சலோடு வந்து தடுமாறினால் அதுவே 60. விழுக்காட்டைச் சொல்லி ஒரு பள்ளி மற்றதைவிட மேல் என்று யாராவது பேசினால், எத்தனை குழந்தைகளில் என்று முதலில் கேளுங்கள்.

கேள்வி (குன்னூருக்கு அருகிலிருந்து ஒரு தந்தை): எங்கள் ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், உள்ள பள்ளியில் 17 குழந்தைகளுக்கு இரண்டு ஆசிரியர்கள். பஜாரில் உள்ள பள்ளியில் 84 குழந்தைகளுக்கு மூன்று ஆசிரியர்கள். ஹட்டிப் பள்ளியில் ஓர் ஆசிரியருக்கு ஒன்பது குழந்தைகள்கூட இல்லை. பஜார் பள்ளியில் 28 பேர். அப்படியானால் ஹட்டிப் பள்ளிதானே சிறந்தது? என் மைத்துனர் நேர்மாறாகச் சொல்கிறார்.

பதில்: இந்தக் கேள்விக்கு நான் நிறைய இடம் எடுத்துக்கொள்வேன் ஐயா, மலையில் பள்ளிகளை ஒப்பிடுவதன் சிக்கல் முழுவதும் இதற்குள்தான் இருக்கிறது.

முதலில் விதி. 2009 ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி, ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பள்ளியில் 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். 61 முதல் 90 வரை மூவர். 91 முதல் 120 வரை நால்வர். ஆக நீங்கள் சொல்லும் இரண்டு பள்ளிகளிலும் விதிப்படியான எண்ணிக்கை இருக்கிறது. இரண்டிலுமே வகுப்புக்கு ஓர் ஆசிரியர் இல்லை என்பதையும் கவனியுங்கள். பஜார் பள்ளியிலும் ஐந்து வகுப்புகளை மூவர் பங்கிட்டுக்கொள்கிறார்கள். "அங்கே தனித்தனி வகுப்பு நடக்கிறது" என்று உங்கள் மைத்துனர் நினைத்திருந்தால் அது சரியன்று.

இப்போது ஹட்டிப் பள்ளியின் கணக்கைப் பார்ப்போம். ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்குத் தமிழ், ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல் என நான்கு பாடங்கள். மூன்று முதல் ஐந்து வரை அறிவியலும் சமூக அறிவியலும் தனித்தனியாகி ஐந்து பாடங்கள். கூட்டினால் 23. குழந்தைகள் 17 ஆனாலும் 70 ஆனாலும் இந்த 23 பாடங்களும் இரண்டு பேர் தலையில்தான். அந்த இருவரில் ஒருவர் வட்டார வள மையத்தில் பயிற்சிக்குப் போகிறார். இன்னொரு வாரம் வாக்காளர் பட்டியல் வேலை வருகிறது. அடுத்த வாரம் எமிஸ் என்னும் கல்வித் துறையின் இணையப் பதிவேட்டில் பதிவுகளை முடிக்கச் சொல்லி அலைபேசி ஒலித்துக்கொண்டே இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து தினமும் ஏறி வருபவராக இருந்தால், பர்லியார் பக்கம் சாலையில் ஒரு மரம் சாய்ந்தாலே அன்று அவர் வந்து சேர மதியம் ஆகிவிடும். அன்றைக்கு உங்கள் 17 குழந்தைகளுக்கும் ஐந்து வகுப்புகளுக்கும் இருப்பவர் ஒரே ஓர் ஆசிரியர். மூன்று பேர் உள்ள பள்ளியில் ஒருவர் வராவிட்டால் சுமை கூடும். இரண்டு பேர் உள்ள பள்ளியில் ஒருவர் வராவிட்டால் பள்ளியில் பாதி இல்லை.

அப்படியென்றால் பஜார் பள்ளியே மேல் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒன்று முதல் மூன்று வரையுள்ள குழந்தைகளை வகுப்பு பார்த்துப் பிரிக்காமல், கற்றல் நிலை பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று குழுவாக்கிச் சொல்லிக்கொடுக்கும் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூனில் தொடங்கியது; அடுத்த கல்வியாண்டில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது. இதைப் புரிந்துகொண்டு செய்யும் ஆசிரியரிடம் சிறிய பள்ளி ஒரு வரம். இரண்டாம் வகுப்புக் குழந்தை கணக்கில் மலரிலும் தமிழில் அரும்பிலும் இருக்கலாம். ஒன்பது குழந்தைகளில் அதை ஆசிரியர் பெயர் பெயராகச் சொல்வார். 28 பேரில் அது அவ்வளவு எளிதன்று.

ஆகவே நான் கேட்கும் கேள்வி வேறு. அந்த இரண்டு ஆசிரியர்களும் இந்தப் பள்ளிக்கு வந்து எத்தனை ஆண்டுகள் ஆகின்றன? அவர்களில் ஒருவர் வேறு பள்ளிக்கு மாற்றுப் பணியில் அனுப்பப்பட்டிருக்கிறாரா? பொது மாறுதல் கலந்தாய்வில் மலையிறங்கிச் சமவெளிக்குப் போக விண்ணப்பித்திருக்கிறாரா? தொடக்கக் கல்வியில் ஒன்றிய அளவில் இருந்த பணி மூப்பு, 2023 டிசம்பரில் வந்த 243 ஆம் எண் அரசாணைக்குப் பின் மாநில அளவுக்கு மாறியிருக்கிறது; எனவே ஓர் ஆசிரியர் முன்பு ஒன்றியத்துக்குள் நகர்ந்ததைப் போல இல்லாமல், வெகு தொலைவுக்கும் போகலாம், வெகு தொலைவிலிருந்தும் வரலாம். இந்த ஜூன் பள்ளி அடுத்த ஜூனில் வேறு பள்ளியாகலாம் என்று மேலே சொன்னது இதனால்தான். இருவரும் நான்கைந்து ஆண்டுகளாக அங்கேயே இருந்து, மலையிலேயே குடியும் இருக்கிறார்கள் என்றால், என் பேரனை நான் அந்த 17 பேர் பள்ளியில்தான் சேர்ப்பேன். ஒரு பணியிடம் காலி, இருப்பவருக்கும் மாற்றுப் பணி என்றால், மறு பேச்சில்லாமல் பஜாருக்கு நடப்பேன்.

கேள்வி (அரவேனுவிலிருந்து): பள்ளியை நேரில் போய்ப் பார்க்கச் சொல்கிறீர்கள். அங்கே என்னத்தைப் பார்ப்பது? புதிய கட்டடம், வண்ணம் பூசிய சுவர், ஸ்மார்ட் போர்டு எல்லாம் இரண்டு பள்ளிகளிலும் இருக்கின்றன.

பதில்: சுவரை விடுங்கள். முன்கூட்டிச் சொல்லாமல், பள்ளி தொடங்கி ஒரு மணி நேரம் கழித்துப் போங்கள். தலைமை ஆசிரியரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, மூன்றாம் வகுப்புக் குழந்தைகளின் தமிழ்க் கட்டுரை நோட்டையும் கணக்கு நோட்டையும் புரட்டுங்கள். மழைக் காலத்தில் நம் ஊரில் நோட்டுகள் ஈரம் குடித்து உப்பி, ஓரம் சுருண்டு, இலேசாகப் பூஞ்சை வாடையோடு இருக்கும். அதைப் பொருட்படுத்த வேண்டாம். சிவப்பு மையில் திருத்தம் இருக்கிறதா, திருத்தத்தின் கீழே தேதி இருக்கிறதா, தவறாக எழுதிய சொல்லைக் குழந்தை மறுபடி சரியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்துக்குப் பக்கம் பெரிய சரிக்குறி மட்டும் இருந்து, அதன் கீழே 'பள்ளிக்கூடம்' என்பது 'பள்ளிகுடம்' என்றே நான்கு முறை இருந்தால், அந்த நோட்டை யாரும் படிக்கவில்லை என்று பொருள். எல்லாக் குழந்தைகளின் நோட்டிலும் ஒரே விடை, ஒரே சொற்களில், ஒரே பிழையும் இல்லாமல் இருந்தாலும் எனக்குச் சந்தேகம் வரும். அது கரும்பலகையிலிருந்து பார்த்து எழுதியது.

அடுத்து, வகுப்பறைப் பலகையின் மூலையில் 'பதிவு, வருகை' என்று இரண்டு எண்கள் எழுதியிருப்பார்கள். மதியம் சத்துணவு நேரம் வரை இருக்க முடிந்தால் தட்டுகளை எண்ணிப் பாருங்கள். நான் அலுவலராக இருந்தபோது, முன்னறிவிப்பின்றி ஒரு பள்ளிக்குப் போயிருந்தேன். பலகையில் வருகை 31. திண்ணையில் வரிசையாக வைத்திருந்த தட்டுகள் 19. வீட்டிலிருந்து கொண்டு வந்தவர்கள் இரண்டு பேர். மீதிப் பத்துக் குழந்தைகள் எங்கே என்று கேட்டேன். தலைமை ஆசிரியர் பதில் சொல்லவில்லை, சத்துணவு அமைப்பாளர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். 30 ஐத் தாண்டினால் பள்ளிக்குப் பாதுகாப்பு என்று அவர்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தவர்கள் மோசமானவர்கள் அல்லர். உண்மையில் இருந்த 21 குழந்தைகளும் நன்றாகவே படித்தார்கள். ஆனாலும் எண்ணை நம்பிப் பள்ளியை ஒப்பிடக் கூடாது என்று அன்று கற்றுக்கொண்டேன்.

கழிப்பறையைப் பாருங்கள், ஆனால் 'இருக்கிறதா' என்று பார்க்காதீர்கள். அது எல்லாப் பள்ளியிலும் இருக்கும். தாழ்ப்பாள் விழுகிறதா, தண்ணீர் வருகிறதா, சாவி யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள்.

கேள்வி (தும்மனட்டியிலிருந்து ஒரு பாட்டி): என் பேரன் தமிழ்ப் புத்தகத்தை வாசிக்கும்போது வீட்டுப் பேச்சும் கலந்து வருகிறது. அவனுக்குப் படிப்பு வரவில்லை என்று ஆசிரியை சொல்கிறார். வேறு பள்ளி பார்க்கலாமா?

பதில்: அம்மா, பேரன் 'பால்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து 'ஹாலு' என்று சொல்கிறான் என்றால், அவன் எழுத்தைப் படித்து, பொருளையும் புரிந்துகொண்டு, வீட்டில் சொல்லும் சொல்லால் சொல்கிறான். அது படிப்பு வராத குழந்தையின் அடையாளம் அன்று. படிக்கத் தெரிந்ததற்கான அடையாளம். படுகர்களின் மொழியான படுகு பேசும் குழந்தைக்குத் தமிழ் இரண்டாம் மொழி, ஆங்கிலம் மூன்றாவது. இருளர், குறும்பர், பணியர், தோடர், கோத்தர் வீட்டுக் குழந்தைகளுக்கும் இதே நிலைதான். கூடலூர் பக்கம் மலையாளமும் சேர்ந்துகொள்ளும்.

நான் பார்த்த நல்ல ஆசிரியர்கள், அவர்களே கீழ்நாட்டிலிருந்து வந்தவர்களாக இருந்தாலும், முதல் ஆறு மாதத்தில் வீட்டு மொழியில் ஒரு நூறு சொல்லாவது கற்றுக்கொண்டார்கள். ஒரு பள்ளியில் ஆசிரியை கதவின் பின்புறம் ஒரு தாளை ஒட்டி வைத்திருந்தார். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் குழந்தைகள் சொல்லித்தந்த படுகுச் சொல், அவர் கையெழுத்தில். இரண்டு பள்ளிகளை ஒப்பிடும்போது நான் மிகவும் மதிக்கும் சான்று அதுபோன்ற தாள்தான். பள்ளியை மாற்றுவதற்கு முன் ஆசிரியையிடம் நீங்களே பேசிப் பாருங்கள். சொல் புரியாமல் சொல்லியிருக்கலாம்.

கேள்வி (உதகையிலிருந்து ஒரு தந்தை): அரசுப் பள்ளியிலேயே ஆங்கில வழி இருக்கிறது என்கிறார்கள். எந்தப் பள்ளியில் அது உண்மையாக நடக்கிறது?

பதில்: அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் 2012-13 ஆம் ஆண்டு முதல் வந்தன. ஆனால் ஈராசிரியர் பள்ளியில் பதிவேட்டில் தமிழ் வழி, ஆங்கில வழி என்று இரண்டு பிரிவுகள் இருந்தாலும், அறையும் ஆசிரியரும் ஒன்றுதான். புத்தகம் மட்டும் வேறு. ஆசிரியர் தமிழில் விளக்குவார், குழந்தை ஆங்கிலத்தில் எழுதும். அதைக் குறை என்று சொல்லமாட்டேன். ஆனால் தனியார் பள்ளியில் நடப்பது போல நடக்கும் என்று எண்ணிச் சேர்த்தால் ஏமாற்றம் வரும். ஓர் ஒன்றியத்தில் ஆங்கில வழியைப் பொருத்து ஒப்பிட வேண்டுமென்றால், அதற்கெனத் தனி ஆசிரியர் இருக்கும் பெரிய தொடக்கப் பள்ளிகளையும் நடுநிலைப் பள்ளிகளையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முடிவெடுக்கும் முன் இன்னொன்று. தமிழக அரசுப் பணிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு இடம் 2010 முதல் இருக்கிறது; இப்போது முதல் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்ததற்குச் சான்று கேட்கிறார்கள். ஆறு வயதில் எடுக்கும் முடிவு இருபத்து மூன்று வயதில் கேட்கப்படும்.

கேள்வி (பந்தலூர் பகுதியிலிருந்து ஒரு தோட்டத் தொழிலாளி): எங்கள் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து பள்ளி முக்கால் கிலோமீட்டர்தான். ஆனால் வழியில் யானை நிற்கிறது. இன்னொரு பள்ளி மூன்று கிலோமீட்டர். அதற்குச் சாலை இருக்கிறது, ஜீப்பும் போகிறது. எதை எடுப்பது? மழை விடுமுறையால் போகும் நாட்களை எப்படிக் கணக்கில் கொள்வது?

பதில்: தயங்காமல் சாலை இருக்கும் பள்ளியை எடுங்கள் ஐயா, நீங்கள் சொல்லும் வழியில் யானை நடமாட்டம் வழக்கமாக இருக்குமானால். ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி, மூன்று கிலோமீட்டருக்குள் நடுநிலை வகுப்புகள் என்பது தமிழக விதி. சமவெளிக்கு அந்த அளவு பொருந்தும். தேயிலைக்கும் காட்டுக்கும் நடுவே போகும் ஒற்றையடிப் பாதையில் ஒரு கிலோமீட்டர் என்பது கூடலூரில் ஒரு தூரம், கோத்தகிரியில் காட்டெருமையும் கரடியும் உலவும் இடத்தில் வேறொரு தூரம். சாலை வசதி இல்லாத, தொலைவான குடியிருப்புகளின் குழந்தைகளுக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வாகனமோ வழித்துணையோ ஏற்பாடு செய்ய இடமிருக்கிறது. உங்கள் குடியிருப்பின் பெயர், குழந்தைகளின் எண்ணிக்கை, பாதையின் நிலை ஆகியவற்றை எழுதித் தலைமை ஆசிரியர் வழியாக வட்டார வள மையத்துக்குக் கொடுங்கள். ஒருவர் மட்டும் கொடுத்தால் தாள். லயத்தில் இருக்கும் எல்லாப் பெற்றோரும் கையெழுத்திட்டால் கோரிக்கை.

பழங்குடியினர் குடும்பம் என்றால் கார்குடி, கரிக்கையூர், குஞ்சப்பனை போன்ற இடங்களில் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. தங்கலும் உணவும் இலவசம். ஆனாலும் ஐந்து வயதுக் குழந்தையை விடுதியில் விடுவதை நான் கடைசி வழியாகவே சொல்வேன்; திங்கட்கிழமை காலையில் விடுதி வாசலில் தாயின் முந்தானையை விடாத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

மழை விடுமுறையையும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பகுதிக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மாவட்ட ஆட்சியர் வட்டம்வாரியாக விடுமுறை விடுவதால், ஒரே மாவட்டத்துப் பள்ளிகள் வெவ்வேறு மாதங்களில் நாட்களை இழக்கின்றன. உங்கள் ஊர்ப் பிள்ளைகள் கல்வியாண்டின் தொடக்கத்தில், எழுத்து பழகும் நேரத்தில் இழக்கிறார்கள். அதனால் செப்டம்பரில் பந்தலூர்ப் பள்ளியையும் கோத்தகிரிப் பள்ளியையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நியாயமாகாது.

கேள்வி (மஞ்சூரிலிருந்து): காலை உணவு எல்லாப் பள்ளியிலும் உண்டா?

பதில்: அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திலும் உண்டு. 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. ஊரகப் பகுதி அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலையிலும், நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கு 2025 ஆகஸ்டிலும் வந்தது. மலைப் பள்ளிகளுக்கான ஸ்வெட்டர், மழைக் கோட்டு, ஷூ ஆகியவையும் விலையில்லாமல் வரும். இவை எல்லாப் பள்ளிக்கும் பொது என்பதால், ஒப்பிடும்போது கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை.

கேள்வி (கேத்தியிலிருந்து ஒரு தாய்): அரசு உதவி பெறும் பள்ளியில் சேர்த்தால் மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடம் போய்விடும் என்று பயமுறுத்துகிறார்கள்.

பதில்: தொடக்க வகுப்புகளால் அது போகாது. அந்த உள்ஒதுக்கீடு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. ஐந்தாம் வகுப்பு வரை உதவி பெறும் பள்ளியில் படித்து, ஆறாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கு வந்தால் தகுதி இருக்கிறது. நம் மலையில் உதவி பெறும் பள்ளிகள் பல, மிஷன் காலத்து வேர் உடையவை. உங்கள் கேத்திக்கே பாசல் மிஷன் 1846 இல் வந்துவிட்டது. அவற்றில் ஆசிரியர்கள் அதே நிர்வாகத்தின் கீழ் நீண்ட காலம் இருப்பது ஒரு பலம். ஆசிரியர் ஓய்வு பெற்றபின் பணியிடம் நிரம்பத் தாமதமாவதும், அதுவரை நிர்வாகம் தன் செலவில் ஒருவரை வைத்துச் சமாளிப்பதும் பலவீனம். எத்தனை பேர் அரசு சம்பளத்தில், எத்தனை பேர் நிர்வாகச் சம்பளத்தில் என்று கேட்டால் பதில் சொல்வார்கள், கூச்சப்பட வேண்டாம்.

கேள்வி (கோத்தகிரி பகுதி எஸ்டேட் ஒன்றின் கணக்கர்): எங்களிடம் ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பங்கள் வேலை செய்கின்றன. நவம்பரில் வந்த எட்டு வயதுக் குழந்தையிடம் சான்றிதழ் எதுவும் இல்லை. எந்தப் பள்ளி சேர்க்கும்?

பதில்: எந்த அரசுப் பள்ளியும் சேர்க்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டப்படி வயதுச் சான்று இல்லை என்பதற்காகவோ, கல்வியாண்டின் நடுவில் வந்தார் என்பதற்காகவோ மறுக்கக் கூடாது. எட்டு வயதுக் குழந்தையை அந்த வயதுக்குரிய வகுப்பில் அமர்த்தி, விட்டுப்போனதைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். முதல் வகுப்பில் உட்கார வைப்பது சரியன்று. எந்தப் பள்ளி என்று தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால், ஏற்கெனவே இத்தகைய குழந்தைகள் இரண்டு மூன்று பேர் படிக்கும் பள்ளியாகப் பாருங்கள். ஆசிரியரைவிட அந்தக் குழந்தைகளே விரைவில் தமிழ் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். தேயிலைத் தூள் தொழிற்சாலைப் பின்புறம் விளையாடிக்கொண்டே கற்ற தமிழ் அது. வாத்தியாரின் தமிழைவிடச் சரளமாக இருக்கும்.

கேள்வி (குந்தா பகுதியிலிருந்து ஒரு தந்தை): எங்கள் பள்ளியில் 11 பேர்தான். மூடிவிடுவார்களோ என்று எல்லோரும் பிள்ளைகளை எடுக்கிறார்கள்.

பதில்: மூடிவிடுவார்கள் என்று எடுப்பதால்தான் மூடும் நிலை வருகிறது. மாணவரே இல்லாமல் போன சில பள்ளிகளை 2019 இல் தற்காலிக நூலகங்களாக மாற்றியதைப் பார்த்திருக்கிறோம். 11 பேர் இருக்கும் பள்ளி அந்த நிலையில் இல்லை. ஆயினும் உங்களிடம் நம்பிக்கை வார்த்தை மட்டும் சொல்லி அனுப்ப எனக்கு மனமில்லை. 11 பேர் பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் உங்கள் மகள் ஒருத்தி மட்டும் இருப்பாள் என்றால், பேசவும் போட்டியிடவும் துணை இல்லாமல் ஓராண்டு கழியும். சிறு வகுப்புகளில் இருந்தால் அங்கேயே இருக்கட்டும். நான்காம் வகுப்புக்கு வந்தபின், அருகிலுள்ள நடுநிலைப் பள்ளிக்கு மாற்றுவது பற்றி யோசிக்கலாம். எப்படியும் ஆறாம் வகுப்புக்கு அங்கேதான் போக வேண்டியிருக்கும்.

கேள்வி (ஒரு தலைமை ஆசிரியை, ஊர் வேண்டாம் என்கிறார்): பெற்றோர் வந்து நோட்டைப் புரட்டுவதும் தட்டை எண்ணுவதும் எங்களை அவமதிப்பது ஆகாதா ஐயா?

பதில்: நீங்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. வகுப்பு நடக்கும்போது நுழைந்து பிள்ளையை எழுப்பி வாசிக்கச் சொல்லும் பெற்றோரை நானும் ஏற்கமாட்டேன். ஆனால் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோரும், பாதிப் பேர் பெண்களும் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்வது, கூட்டத் தீர்மானத்தில் கையெழுத்திட்டுத் தேநீர் குடித்துவிட்டுப் போவதற்காக அன்று. உங்கள் பள்ளியில் காலிப் பணியிடம் இருப்பதை நீங்கள் எழுதினால் ஒரு கடிதம். குழுத் தீர்மானமாக வந்தால் அதற்கு அலுவலகத்தில் வேறு எடை. அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நோட்டைப் பார்க்க வருபவரிடம் நாற்காலியைப் போட்டு, நோட்டை நீங்களே எடுத்துக் கொடுங்கள் அம்மா.

கேள்வி (குன்னூரிலிருந்து): மகள் தனியார் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. கட்டணம் கட்ட முடியவில்லை. அரசுப் பள்ளிக்கு மாற்ற நினைக்கிறோம். நிலுவையைக் கட்டினால்தான் டி.சி. தருவோம் என்கிறார்கள்.

பதில்: மாற்றுச் சான்றிதழ் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அது தாமதமாவதைக் காரணம் காட்டி அரசுப் பள்ளி சேர்க்கையை மறுக்க முடியாது என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. நிலுவையை வசூலிக்கும் கருவியாக மாற்றுச் சான்றிதழைப் பயன்படுத்தக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2024 இல் கூறியிருக்கிறது. மகளின் எமிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு, பழைய பள்ளியின் அடையாள அட்டையோ மதிப்பெண் அட்டையோ இருந்தால் எடுத்துக்கொண்டு, நேராக நீங்கள் தேர்ந்த பள்ளியின் தலைமை ஆசிரியரிடம் போங்கள். பழைய பள்ளி எமிஸில் அவளை விடுவிக்க மறுத்தால், வட்டாரக் கல்வி அலுவலருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதி, நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த எழுத்து வேலை நடந்துகொண்டிருக்கும்போதே பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம்.